வீட்டு எண் 5, ஹரித்வார்

ஹரித்வாரில் ஒரு வீடு. வீட்டு எண் 5. 2021 ஏப்ரலில் கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோது அந்த ஒரே வீட்டு முகவரியில் 530 பேரிடம் மாதிரி எடுத்துக் கொரோனா பரிசோதனை செய்ததாகப் பதிவாகியிருக்கிறது. கூட்டுக் குடும்பம் ஒழிந்துபோய்விட்டது என்று பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் கண்ணைக் கசக்குகிறவர்கள் ஒரு நடை ஹரித்வார் போய்வரலாம்.

மேளாவுக்கு வருகிறவர்களில் தினமும் 50,000 பேரைப் பரிசோதிக்க வேண்டும் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. நீதிமன்றம் எண்ணிக்கை கேட்டது, எண்ணிக்கை கொடுக்கப்பட்டது. ஐம்பது பேருக்கு மேல் ஒரே கைபேசி எண். ஒரு ஆளுக்குப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட வேண்டிய ஆன்டிஜென் கிட் ஒன்று 700 பேருக்குச் சோதனை செய்து முடித்திருந்தது. திரௌபதியின் பாத்திரம்கூட ஒரு வேளைக்குப் பிறகு கழுவிக் கவிழ்க்கப்பட்டது. பஞ்சாபை விட்டு நகராத ஒருவருக்கு, ஹரித்வாரில் நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்று குறுஞ்செய்தி போக, அந்த மனுஷன் சும்மா இருக்காமல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் புகார் எழுதிவிட்டார். அப்படித்தான் குட்டு உடைந்தது. லட்சம் பரிசோதனை போலி என்று விசாரணையில் வந்தது. இந்தப் போலி ‘நெகடிவ்’களின் புண்ணியத்தால் ஹரித்வாரின் தொற்று விகிதம் 0.18 சதவீதமாகத் தெரிந்தது, உண்மையில் அது 5.3 சதவீதம் என்று பிறகு அமலாக்கத் துறை சொன்னது.

இந்த 0.18 ஹரித்வாரிலேயே தங்கிவிட்டால் பரவாயில்லை. அது டேராடூனுக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து இணையத்துக்கு. அங்கே எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார். மாவட்ட வாரியாக வண்ணம் தீட்டுவார். சிவப்பென்றால் அபாயம், பச்சையென்றால் நலம். ஹரித்வார் பச்சை. அன்றைய முதல்வர் தீரத் சிங் ராவத், கங்கை அன்னையின் அருள் இருக்கையில் கொரோனா எங்கே வரப்போகிறது என்கிற தோரணையில் பேசியிருந்தார். அவர் சொன்னதை நிரூபிக்க அறிவியல் முன்வரவில்லை, புள்ளிவிவரம் முன்வந்தது.

பிகாருக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர்கள் ஜமுய் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெயர் இருந்தது. கைபேசி எண் எழுத வேண்டிய கட்டத்தில் பத்துப் பூஜ்யம். 0000000000. அதற்கடுத்த வரியிலும் பத்துப் பூஜ்யம். அதற்கும் அடுத்ததிலும். விஷயம் மாநிலங்களவை வரை போய், சிலர் இடைநீக்கம் ஆனார்கள். எனக்கு அந்தப் பூஜ்யத்தைத் தட்டியவர்மேல் கோபமே வரவில்லை. இன்றைக்கு இத்தனை சோதனை என்று மேலிருந்து இலக்கு வருகிறது, ஆள் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் 98 என்று தொடங்கி வாய்க்கு வந்த எண்ணை அடித்திருப்பார்கள். இவர் பூஜ்யம் போட்டார். ‘இங்கே ஒன்றும் நடக்கவில்லை’ என்று அரசாங்கப் படிவத்திலேயே எழுதிவைத்த மனுஷர். இந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் அரசு ஆவணம் எதிலும் இவ்வளவு நேர்மையை நான் பார்த்ததில்லை. மேலே இருந்தவர்கள்தான் அந்தப் பூஜ்யங்களையெல்லாம் சேர்த்து, அவற்றுக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டு, நாளொன்றுக்கு லட்சம் பரிசோதனை என்று மார்தட்டினார்கள்.

இப்போது கேரளம். 2021 ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் நாட்டின் புதுத் தொற்றில் பாதிக்குப் பாதி அந்தச் சின்ன மாநிலத்திலிருந்து வந்தது. டெல்லித் தொலைக்காட்சிகளுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம். கேரள மாதிரி கவிழ்ந்தது, பக்ரீத் தளர்வு கெடுத்தது, கம்யூனிஸ்டுகளுக்குக் கணக்கு வராது என்று இரவு ஒன்பது மணிக் கச்சேரி ஒரு மாதம் நடந்தது. அதே ஜூலை 28-ஆம் தேதி மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நான்காவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு மாநில வாரியாக வெளிவந்தது. நூற்றுக்கு எத்தனை பேர் உடம்பில் கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்க்கிற கணக்கு அது. தடுப்பூசியாலும் வரும், நோய் வந்து போனாலும் வரும். மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதம். கேரளத்தில் 44.4. ஆய்வு நடந்த மாநிலங்களிலேயே கடைசி. அதுவும் தடுப்பூசி போடுவதில் முந்திக்கொண்டிருந்த மாநிலத்தில்.

அர்த்தம் என்ன? மத்தியப் பிரதேசத்தில் ஜனத்தில் பெரும்பகுதியைக் கிருமி தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை. கேரளத்தில் பாதிப் பேரைக்கூட அது தொடவில்லை, தொட்டவர்களைத் தேடிப் பிடித்து எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள். தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிற வீட்டில்தான் காய்ச்சல் அதிகம் என்று தீர்ப்புச் சொன்ன கதை. அந்தத் தீர்ப்பைச் சொன்ன தொகுப்பாளர்கள் யாரும் ஜூலை 28 இரவு அந்த அட்டவணையைத் திரையில் போட்டு விளக்கியதாக எனக்கு நினைவில்லை.

கேரளமும் அரிச்சந்திரன் வீடு கிடையாது. முதல் வருஷம் முழுக்க அங்கேயும் சாவைச் சல்லடை போட்டுத்தான் சலித்தார்கள். சாகிறதற்குள் சோதனை ‘நெகடிவ்’ ஆகிவிட்டதா, கழித்துவிடு. புற்றுநோய் இருந்ததா, அது புற்றுநோய்ச் சாவு. அங்கே சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் பத்திரிகையில் வருகிற மரணச் செய்திகளை உட்கார்ந்து எண்ணித் தனிப் பட்டியல் வைத்தார்கள். அரசுப் பட்டியலைவிட அது நீளமாக இருந்தது. பிற்பாடு உச்ச நீதிமன்றம் சாட்டையைச் சுழற்றி, தொற்று உறுதியாகி முப்பது நாளுக்குள் இறந்தால் அது கொரோனா சாவுதான் என்று விதி வந்ததும், 2021 அக்டோபரிலிருந்து ஆயிரம் ஆயிரமாகப் பழைய சாவுகளைச் சேர்த்தார்கள். பலன்? நாட்டிலேயே மகாராஷ்டிரத்துக்கு அடுத்து அதிகம் பேரைப் பறிகொடுத்த மாநிலம் என்று கேரளத்தின் பெயர் நிற்கிறது. 70 ஆயிரத்துக்கு மேல். ஜனத்தொகையில் கேரளத்தைப்போல் மும்மடங்கு இருக்கிற பிகாரில் சுமார் 12 ஆயிரம். எக்செல்லில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெரியது மேலே, சிறியது கீழே என்று வரிசை வந்துவிடும். மேலே இருப்பவன் குற்றவாளி. அடுத்த தடவை எந்த மாநிலச் செயலாளர் எண்ணச் சொல்லுவார்?

நம் வீட்டு லட்சணத்தையும் பார்த்துவிட வேண்டும்.

கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும். பல பக்கம். பிடிஎஃப். நாட்டின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் விவரமான அறிக்கை, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பிடிஎஃப். இந்த மாநிலத்தில் தெருவுக்கு நான்கு மென்பொருள் பொறியாளர்கள் இருக்கிறார்கள். கூட்டிக் கழிக்க வசதியான ஒரு தாளாக அந்த அட்டவணையைத் தர ஒருவரும் கிடைக்கவில்லை. ‘கோவிட்19இந்தியா’ என்ற இணையதளத்தை நடத்திய தன்னார்வலர்கள் ஒவ்வொரு மாநிலத்து அறிக்கையிலிருந்தும் எண்களைப் பொறுக்கியெடுத்து நாடு முழுமைக்குமான மாவட்டக் கணக்கைக் கட்டிவைத்தார்கள். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தியது அதைத்தான். 2021 அக்டோபர் 31-ஆம் தேதி அவர்கள் கடையை மூடினார்கள். ஐந்து லட்சம் கோடி டாலர் பொருளாதாரமாகப் போகிற நாட்டின் கொள்ளைநோய்க் கணக்கை, சம்பளம் வாங்காத சில இளைஞர்கள் ஓய்வு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு தீர்ந்தது, கணக்கும் தீர்ந்தது.

அறிக்கையின் மாவட்டப் பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டே போனால், விழுப்புரம், விருதுநகரெல்லாம் முடிந்த பிறகு யாரும் குடியிருக்காத மூன்று மாவட்டங்கள் வரும். சர்வதேச விமான நிலையக் கண்காணிப்பு ஒன்று. உள்நாட்டு விமான நிலையக் கண்காணிப்பு ஒன்று. ரயில்வே கண்காணிப்பு ஒன்று. ரயிலில் வந்து இறங்கியபோது தொற்று இருந்தவர்கள் 428 பேர். மாதக்கணக்கில் அந்த 428 அசையவே இல்லை. எழும்பூரில் இறங்கியவர் ஊருக்குப் போயிருப்பார், வீட்டில் நாலு பேருக்குக் கொடுத்திருப்பார். அந்த நாலு பேர் திருநெல்வேலிக் கணக்கு, அவர் மட்டும் நிரந்தரமாக ரயில்வே மாவட்டத்துப் பிரஜை. மாவட்ட வாரியாக லட்சத்துக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போடலாம் என்றால் அடுத்த முட்டுக்கட்டை. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு எல்லாம் 2019-இல் பிறந்த மாவட்டங்கள். கடைசியாக மக்கள்தொகை எடுத்தது 2011-இல். 2021-இல் எடுக்க வேண்டியதைக் கொரோனாவைச் சொல்லி ஒத்திப் போட்டார்கள். கொரோனா போயிற்று, தேர்தல்கள் வந்து போயின, குடமுழுக்குகள் வந்து போயின, கணக்கெடுப்புக்கு 2027 என்று நாள் குறித்திருக்கிறார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பது தெரியாத நாட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் தெரியாது. வகுத்தியும் இல்லை, வகுபடு எண்ணும் இல்லை. விடை மட்டும் தசம ஸ்தானத்தோடு வந்துவிடுகிறது.

அறிக்கையின் பின்பக்கங்களில் சாவுப் பட்டியல். பெயர் இருக்காது, ஒரு வரிசை எண். வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்த ஆஸ்பத்திரி, என்றைக்குச் சேர்ந்தார், எத்தனை நாளாகக் காய்ச்சல், என்றைக்கு எத்தனை மணிக்கு மூச்சு நின்றது. ஒரு உயிரின் கடைசி வாரம் மூன்று வரியில். அந்த மூன்று வரிக்குள்ளேயும் தவறாமல் ஓரிடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்: நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம். இணை நோய். இந்த இரண்டு சொல்லைக் கண்டுபிடித்தவருக்குக் கலைமாமணி கொடுத்திருக்க வேண்டும். ராத்திரிச் செய்தியில் ‘இறந்தவர்களில் இத்தனை பேருக்கு இணை நோய் இருந்தது’ என்று வாசிக்கிறபோது, கேட்கிறவர்கள் வீட்டில் ஒரு பெருமூச்சு. அவருக்குச் சர்க்கரை இருந்ததாம், அதான். தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டி, சர்க்கரையோ பிரஷரோ இல்லாமல், ரேஷன் அட்டையில் பெயரோடு இருக்கிற ஆட்களைத் திரட்டினால் ஒரு கல்யாண மண்டபம் நிறையுமா? சர்க்கரையோடு இருபது வருஷம் நடமாடிக்கொண்டிருந்த மனுஷரை ஒன்பது நாளில் கொண்டுபோனது எது என்று கேட்டால், அரசாங்கம் மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டியது. செத்தவர்தான் தன் சாவுக்குப் பொறுப்பு.

2020 ஜூனில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருக்கிற கொரோனா சாவுகள் பல மாநில அரசின் பட்டியலில் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் கூவம் ஓடுகிறது, அவ்வளவு தூரத்துக்குக் காகிதம் வர நேரமாகும் என்று நாமும் இருந்திருப்போம். சத்தம் பெரிதானதும் குழு போட்டார்கள். குழு பார்த்தது. ஜூலை 22-ஆம் தேதி, விட்டுப்போன 444 பேரை ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த 444 பேரும் மார்ச்சுக்கும் ஜூன் பத்துக்கும் நடுவில் போனவர்கள். ஆனால் வரைபடத்துக்கு அது தெரியாது. இன்றைக்கும் பழைய தரவை இறக்கிக் கோடு போட்டுப் பாருங்கள், 2020 ஜூலை 22 அன்று சென்னையில் ஏதோ குண்டு விழுந்த மாதிரி ஒரு ஊசி நிமிர்ந்து நிற்கும். பிகாரும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. பாட்னா உயர் நீதிமன்றம் உலுக்கிய பிறகு, 2021 ஜூன் 9 அன்று 3,951 சாவுகளை ஒரே மூச்சில் சேர்க்க, அதற்கு முந்தைய நாள் வரை 5,500-க்குக் கீழே இருந்த மாநிலக் கணக்கு 9,400-ஐ ஒட்டிப் போனது. மறுநாள் இந்தியாவின் ஒரு நாள் சாவு 6,148 என்று போய், உலகத்திலேயே அதுவரை எந்த நாடும் காணாத எண்ணிக்கை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. இரண்டாம் அலை வடிந்துகொண்டிருந்த வாரத்தில் நாம் உலக சாதனை படைத்தோம்.

பாட்னா நீதிமன்றம் சும்மா உலுக்கவில்லை. அதற்கு முன்னால் பக்சர் நடந்திருந்தது.

2021 மே 10. பக்சர் மாவட்டத்தில் சௌசா என்ற ஊரின் கங்கைத் துறையில் பிணங்கள் ஒதுங்கின. ஒன்று இரண்டு அல்ல. 71 உடல்களை எடுத்துப் புதைத்ததாகப் பிகார் நிர்வாகமே சொன்னது. ஊதிப்போன, முகம் தெரியாத உடல்கள். விறகு விலை ஏறிப் போய், எரிக்க வழியில்லாமல் ஆற்றில் விட்டவர்களின் அப்பா, அம்மா, பெண்டாட்டி. இதைப் பார்த்த அதிகாரிகள் முதலில் கேட்ட கேள்வி: இது எந்த மாநிலத்துப் பிணம்? பிகார் சொன்னது: எங்களுடையது இல்லை, மேற்கே உத்தரப் பிரதேசத்திலிருந்து மிதந்து வந்தது. காஜிபூரிலும் பிணங்கள் ஒதுங்கியிருந்தன, ஆகவே சொன்னதில் பொய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பிகார் அடுத்துச் செய்ததுதான் பிராந்தியத் தரவு மேலாண்மையின் உச்சம். மாநில எல்லையில், ராணிகாட் பக்கம், கங்கையின் குறுக்கே வலை கட்டினார்கள். மீன் வலை மாதிரி இருந்தது, மீனுக்காகக் கட்டியதில்லை. வேறு மாநிலத்துச் சாவு நம் மாநிலத்துக் கணக்கில் வந்து விழுந்துவிடக் கூடாது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் புள்ளியியல் துறைக்காரர்கள் இத்தனை துல்லியமாகத் தரவைச் சுத்தம் செய்ததில்லை. உயிரோடிருந்தபோது ரேஷனுக்கும் ரயிலுக்கும் அடையாள அட்டை காட்டச் சொல்லப்பட்டவர்கள், பிணமான பிறகு இருப்பிடச் சான்று இல்லாமல் எல்லையில் நிறுத்தப்பட்டார்கள்.

பாட்னா நீதிமன்றத்தில் இரண்டு தாள்கள் தாக்கலாயின. மார்ச்சிலிருந்து பக்சரில் கொரோனாவில் இறந்தவர்கள் ஆறு பேர் என்றது மாநிலத் தலைமைச் செயலாளர் தரப்பு. மே 5 முதல் 14 வரை, பத்தே நாளில், பக்சர் சுடுகாட்டுத் துறையில் எரிக்கப்பட்ட உடல்கள் 789 என்றது பாட்னா மண்டல ஆணையரின் அறிக்கை. ஆறும் 789-உம் ஒரே மாவட்டம், ஒரே அரசு. எந்தத் தாளில் உண்மை இருக்கிறது என்று நீதிபதிகள் கேட்டார்கள். இணையத்தில் ஏறியது ஆறின் வம்சம். பொதுத் தரவு என்று நாம் இறக்கிக்கொள்வது அதைத்தான். 789-ஐ எழுதியது சுடுகாட்டில் விறகுக் கணக்கு வைக்கிறவன். அவனுக்கு இணையதளம் கிடையாது.

அதற்கு முந்தைய மாதம் லக்னோவில் வேறொரு தொழில்நுட்பம் பயன்பட்டது. நகரத்து மயானத்தில் வரிசையாகச் சிதை எரிகிற காட்சி வீடியோவாகப் பரவியதும், மாநகராட்சி ராவோடு ராவாக மயானத்தைச் சுற்றி நீலத் தகரம் அடித்தது. எரிவதைக் குறைக்க முடியவில்லை, பார்ப்பதைக் குறைக்கலாம். சூரத்தில் மயானத்தின் எரிவாயு உலைகள் ராத்திரி பகல் அணையாமல் ஓடி, இரும்புச் சட்டங்கள் உருகிப் போயின. இரும்பு உருகியது. அந்தக் காலத்துக் குஜராத் அரசின் தினசரி அறிக்கை உருகவில்லை.

குஜராத்தின் கதை முழுதாகத் தெரிந்தது பணத்தைக் கண்ணில் காட்டிய பிறகுதான். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று 2021 ஜூன் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. நிதி தாங்காது என்று மத்திய அரசு அதற்கு முன்பே வாதாடியிருந்தது; கடைசியில் ஆளுக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. உடனே வந்தது இறப்புச் சான்றிதழ் கூத்து. மாநகராட்சி கொடுக்கிற படிவம் 6-ஐ எடுத்துப் பாருங்கள். பெயர், பால், இறந்த தேதி, இறந்த இடம், தாய் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், இறந்தபோது இருந்த முகவரி, நிரந்தர முகவரி, பதிவு எண், பதிவுத் தேதி. இத்தனை இருக்கும். எதனால் செத்தார் என்பதற்கு ஒரு கோடு இருக்காது. அந்த விவரம் ஆஸ்பத்திரி எழுதுகிற வேறொரு படிவத்தில் இருக்கிறது; அது அன்றைக்குக் குடும்பத்தின் கைக்கு வரவில்லை. வீட்டில் செத்தவருக்கு அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதே இல்லை. 2020-இல் நாட்டில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தது நூற்றுக்கு 22 சொச்சம்; பிகாரில் நூற்றுக்கு ஐந்தைக்கூடத் தொடவில்லை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணிடம், கொரோனாதான் என்பதற்குச் சான்று கொண்டா என்றார்கள். அந்தச் சான்றைத் தராமல் வைத்திருந்ததும் அவர்களேதான்.

நீதிமன்றம் விதியைத் தளர்த்திற்று. ஜனம் வரிசையில் வந்தது. 2022 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் முன்னால் இருந்த கணக்கு: குஜராத்தில் அரசுக் கணக்குப்படி கொரோனா சாவு 10,094. நிவாரணம் கேட்டு வந்த மனு 89,633. சரிபார்த்து, இது கொரோனா சாவுதான் என்று அந்த அரசே ஒப்புக்கொண்டது 68,370. பணம் கொடுத்து முடித்தது 58,840. நிதானமாகப் படியுங்கள். பத்தாயிரம் பேர் சாவுக்கு ஐம்பத்தெட்டாயிரம் குடும்பங்களுக்குக் காசு கொடுத்துவிட்டு, செத்தவர்கள் பத்தாயிரம்தான் என்று சாதிக்கிற ஒரு அரசு. ஆடிட்டர் யாராவது இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் அவரைக் கம்பி எண்ண வைப்பார்கள். தெலங்கானாவில் அரசுச் சாவு 3,993, மனு 28,969. தமிழ்நாட்டிலும் நிவாரணம் பெற்றவர்கள் அறிக்கைச் சாவைத் தாண்டினார்கள். கேரளத்திலோ தலைகீழ்: சாவு 49,300, வந்த மனு 27,274. அங்கே எண்ணப்பட்டவர்களுக்கே காசு போய்ச் சேரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் குஜராத் தன் இணையப் பக்கத்துச் சாவு எண்ணைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, நிவாரண எண்ணை இன்னொரு பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டது. இன்றைக்கு ஒரு மாணவர் பிராந்திய ஒப்பீடு செய்தால் அவருக்குக் கிடைப்பது 11 ஆயிரம் சொச்சம். ‘குஜராத் மாதிரி’யின் சிறந்த சுகாதார நிர்வாகம் என்று ஒரு அத்தியாயம் எழுதி முனைவர் பட்டம் வாங்கிக்கொள்ளலாம்.

டெல்லிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அது எப்போதும் தபால்காரன்தான். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள்: ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்கள் எத்தனை பேர் வழியில் செத்தார்கள்? தரவு இல்லை, தரவு இல்லாததால் நிவாரணம் என்கிற கேள்வியே எழவில்லை என்று பதில். அதே கூட்டத்தொடரில், மருத்துவர்கள் எத்தனை பேர் போனார்கள் என்ற கேள்விக்கும் அது மாநில விஷயம் என்றார்கள். இந்திய மருத்துவச் சங்கம் பொறுக்கமாட்டாமல் 382 பேர் கொண்ட பட்டியலை வெளியிட்டது. 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில்: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. குறிப்பாக! சாம்ராஜ்நகர் நமக்குப் பக்கத்து மாவட்டம், தாளவாடியைத் தாண்டினால் வந்துவிடும். அந்த ஆண்டு மே 2-ஆம் தேதி இரவும் மறுநாளும் அங்குள்ள ஆஸ்பத்திரியில் 24 பேர் செத்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் போனவர்கள் மூன்று பேர்தான் என்று கர்நாடக அமைச்சர் சொன்னார். உயர் நீதிமன்றம் அமைத்த குழு 36 என்றது. மூன்றையும் சொல்லவில்லை, முப்பத்தாறையும் சொல்லவில்லை. டெல்லியின் கட்டத்தில் பூஜ்யம். ஜமுய் ஊழியராவது பத்துப் பூஜ்யம் போட்டார், இவர்களுக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2022 மே 5 அன்று, 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்றது. நம் கணக்கு 4.81 லட்சம். பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய நாட்டுக்கு வெறும் கணித மாதிரியை வைத்து மதிப்பிடுவதா, எங்களிடம்தான் முறையான பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறதே என்று டெல்லி கொதித்தது. கொதிப்பதற்கு இரண்டு நாள் முன்னால்தான், மே 3 அன்று, 2020-ஆம் ஆண்டின் பதிவறிக்கையை அவசர அவசரமாக வெளியிட்டிருந்தது. நல்லது, அப்படியானால் சாவு மலிந்த 2021-க்கான அறிக்கையையும் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது மூன்று வருஷ மௌனம். 2025 மே மாதம் வந்தது. 2020-இல் 81 லட்சம் சாவு பதிவாகியிருக்க, 2021-இல் ஒரு கோடியே இரண்டு லட்சம். இருபது லட்சத்துக்கு மேல் கூடுதல். குஜராத்தில் மட்டும் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு லட்சம்.

இந்த மாதிரி எண் எழும்பும்போதெல்லாம் டெல்லியிடம் ஒரே விளக்கம்தான் தயாராக இருக்கிறது: சாவு கூடவில்லை, சாவைப் பதிவு செய்கிற பழக்கம் கூடியிருக்கிறது. மக்களிடம் விழிப்புணர்வு, நிர்வாகத்தில் முன்னேற்றம். சென்னையிலிருந்து எழுதுகிற தரவுப் பத்திரிகையாளர் ருக்மிணி, எதிர்ப்பொருள் கணக்கில் 79 சதவீதம் வாங்கிய அதே மத்தியப் பிரதேசத்தின் பதிவுகளை எடுத்து மாத வாரியாக வெளியிட்டார். 2019 மே மாதம் பதிவான சாவு 31 ஆயிரம். 2020 மே, 34 ஆயிரம். 2021 மே, ஒரு லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். அந்த மே மாதம் மத்தியப் பிரதேசத்தில் கொரோனா ஊரடங்கு. கடை இல்லை, பேருந்து இல்லை, அலுவலகத்தில் பாதி ஆள் படுக்கையில். அந்த மாதம் பார்த்துப் பதிவாளர்களுக்கு ஐந்து மடங்கு சுறுசுறுப்பு வந்துவிட்டது என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.